பருப்புக்குப் போட்ட மருந்து

பெங்களூர் ஈஜிபுராவில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு, ஓர் இரவல் அண்டா. அங்கேதான் ஆரம்பித்தேன். இன்றைக்கு நாலு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வைட்ஃபீல்டில் இரண்டு ஐ.டி. அலுவலகங்களுக்கும் என் சமையற்கூடத்திலிருந்து சாப்பாடு போகிறது. நீராவியில் சமைக்கிற பாய்லரை எங்கள் தொழிலில் பாதிப் பேர் கண்ணால்கூடப் பார்க்காத காலத்தில், இழுத்து மூடிய ஒரு ஹாஸ்டலிலிருந்து கழற்றி வந்து நானே பூட்டினேன். பூட்டத் தெரிந்த மேஸ்திரி, வெடித்துவிடும் என்று பயந்து வரமாட்டேன் என்றார். வெடிக்கவில்லை. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று கடையை இடித்தார்கள், எதிர்ப்பக்கம் போட்டேன். ஊரே அடைத்துக் கிடந்த கொரோனா மாதங்களிலும் என் அடுப்பு அணையவில்லை. சொந்த ஊரான கந்திலியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கன்னடத்தையும் உருதுவையும் ஆஸ்டின் டவுன் பிரியாணிக் கடையில் தட்டுக் கழுவிக் கற்றேன். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. எல்லாம் இந்த இரண்டு கை.

இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பருப்பு எவ்வளவு நேரம் வேகுதுண்ணா?"

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு சொன்னேனே, ஒரு 'அப்படியா' கூட இல்லையே என்று. பிற்பாடு தெரிந்தது, அவர் யாரையும் பாராட்டவும் மாட்டார், குறை சொல்லவும் மாட்டார். தெரிந்துகொள்ள மட்டும்தான் வருவார்.

வைட்டமின் ஆராய்ச்சி செய்கிற நிலையம் ஒன்றில் வேலை அவருக்கு. டாக்டர் என்றார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை; ரத்தத்தையும் சோற்றையும் சோதிக்கிற டாக்டர். நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். கைத்தறிப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் கையகலத் தராசு ஒன்று எப்போதும் இருக்கும். ஆஸ்டின் டவுனில் பிறந்து தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் தட்டுக் கழுவிய கடையின் அடுத்த தெரு. அதைச் சொன்னதும் சிரித்து, "உங்க கடைக்குப் பின்னாடி ஓடற சாக்கடையைத் தாண்டித்தான் நான் ஸ்கூலுக்குப் போவேன்" என்றார். எங்களுக்குள் இருந்த சொந்தம் அவ்வளவுதான்.

அவர் வந்த வேலை இது. நான் சாப்பாடு போடுகிற தொழிற்சாலைகளில் ஒன்றில், தையல் வேலை செய்கிற பெண்களில் பல பேருக்குக் கால் எரிச்சல், கை மரத்துப்போதல், பசியின்மை. அது பி-ஒன் என்கிற வைட்டமின் குறைவாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம். அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதில் எவ்வளவு சத்து உடம்பில் சேருகிறது என்று ஒரு வருஷம் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாடும் சாயங்காலச் சிற்றுண்டியும் என்னுடையது. ஆகவே என் சமையற்கூடத்துக்கு வந்தார்.

அவர் வந்த முதல் வாரத்திலேயே எங்கள் ஆட்கள் அவரைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். காரணம், எதைக் கேட்டாலும் "தெரியாது" என்பார். தொழிற்சாலைச் சாப்பாட்டு வேளையில் பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்பார்கள். கருவேப்பிலை சாப்பிட்டால் முடி வளருமா மேடம்? தெரியாதும்மா. பாதாம் பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்குமா? அது இல்லைன்னு தெரியும். எலுமிச்சம்பழத்தை வெந்நீரில் பிழிந்து குடித்தால் உடம்பு இளைக்குமா? தெரியாதும்மா, நான் பார்த்ததில்ல. எங்கள் தலைமைச் சமையற்காரர் பழனி மாஸ்டர் கரண்டியை அண்டாவில் தட்டிக்கொண்டே, "தெரியாது தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்ளோ படிப்பு? அதை நான் படிக்காமலே சொல்லுவேனே" என்றார். மேடம் அதைக் கேட்டுவிட்டார். கோபமே இல்லை. "நீங்க சொல்ல மாட்டீங்க மாஸ்டர். நீங்க எதையாவது அடிச்சு விடுவீங்க" என்றார். பெண்கள் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வாழ்நாளில் 'எனக்குத் தெரியாது' என்று ஒருவரிடமும் சொன்னவன் இல்லை நான். சொல்லியிருந்தால் அந்த ஹாஸ்டல் பாய்லர் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இன்னொரு சம்பவம். வைட்ஃபீல்டில் ஒரு பெரிய குடியிருப்பில் விழா. சாப்பாடு என்னுடையது. சத்துப் பவுடர் விற்கிற ஆட்கள் அங்கே மேடை போட்டிருந்தார்கள். வைட்டமின் ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர் இரண்டு நல்ல வார்த்தை பேசினால் எடுப்பாக இருக்கும் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு எல்லா இடத்திலும் ஆள் உண்டு என்று காட்ட வேண்டாமா? என்ன பவுடர் என்று சொல்லாமல், சும்மா ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று மேடத்தை என் வண்டியிலேயே அழைத்துப் போனேன். மேடையில் டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதன் பின்பக்கத்தை ஒரு நிமிஷம் படித்தார். கூட்டம் காத்திருந்தது. "இதுல என்ன இருக்குன்னு இங்க எழுதியிருக்காங்க. இது உங்களுக்கு வேணுமா, வேணாமான்னு எனக்குத் தெரியாது. உங்க ரத்தத்தை நான் பார்க்கலை" என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லி, டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். திரும்பி வரும்போது மாரத்தஹள்ளி நெரிசலில் ஒரு மணி நேரம் வண்டி நின்றது. அந்த ஒரு மணி நேரமும் நான் அவரோடு பேசவில்லை. அவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, அரிசியை எத்தனை தண்ணீர் கழுவுகிறீர்கள் என்று கேட்டார்.

அரிசியை நாங்கள் நாலு தண்ணீர் கழுவுவோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து வருகிற வரைக்கும். அது சுத்தம் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, அதையும் எழுதிக்கொண்டார். அவருடைய நோட்டில் இடப்பக்கம் சொன்னவர் பெயர், வலப்பக்கம் சொன்ன விஷயம். என் பெயர் அந்த நோட்டில் நூறு இடத்திலாவது இருக்கும்.

பருப்புக்கு என்னென்ன போடுகிறீர்கள் என்று, சோதனை ஆரம்பித்த முதல் நாளே கேட்டிருந்தார். துவரம்பருப்பு, மஞ்சள் தூள், கொஞ்சம் எண்ணெய், தண்ணீர் என்றேன். சோடாவைச் சொல்லவில்லை.

சமையல் சோடாவைத்தான் சொல்கிறேன். பெங்களூரில் போர்த் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில், சமைத்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் கல் மாதிரி நிற்கும். ஒரு பிடி சோடா போட்டால் பாதி நேரத்தில் வெண்ணெயாக மசியும். கீரையும் கறுக்காமல் பச்சையாக நிற்கும். சாப்பிடுகிறவர்கள் காதில் விழக்கூடாது என்று எங்கள் கூடத்தில் அதற்கு 'மருந்து' என்று பெயர் வைத்திருந்தோம். நான் வைத்த பெயர். என் பெயரைச் சொல்லி, சின்னராஜ் பருப்பு மாதிரி எவனாலும் மசிக்க முடியாது என்று பொம்மனஹள்ளி வரைக்கும் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுக்குள் இருந்தது இந்த மருந்து. அதை எப்படிச் சொல்வேன்?

ஒரு நாள் அவர் அண்டா ஓரத்தில் நின்று கரண்டி அளவை எடை போட்டுக்கொண்டிருந்தபோது, பழனி மாஸ்டர் பழக்க தோஷத்தில், "பருப்புக்கு மருந்து போட்டாச்சா?" என்று குரல் கொடுத்துவிட்டார். மேடம் நிமிர்ந்தார். "என்ன மருந்துண்ணா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"பெருங்காயம் மேடம். வாயுவுக்கு."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் என் பெயர். வலப்பக்கம், 'பெருங்காயத்தை மருந்து என்கிறார்கள்.' அன்றைக்கு அது எனக்கு ஒரு சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வேக வைத்த சாப்பாட்டில் எவ்வளவு சத்து நிற்கிறது என்று சோதிக்க, மாதம் ஒரு நாள் அண்டாவிலிருந்தே எடுத்துக்கொண்டு போவார்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். எங்கள் வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்ற நல்ல எண்ணம். எங்கள் தொழிலில் பார்க்க ஆள் வருகிற நாள் என்றால் சமையல் தனியாக இருக்கும். எந்தக் கூடத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு நான் மாநகராட்சிக் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் பிடித்துவைத்துப் பருப்பு வேக வைப்பேன். பருப்பின் அளவு கூட்டுவேன். சோடா கிடையாது. மாஸ்டர் அதற்கு 'மேடம் சமையல்' என்று பெயர் வைத்தார். மேடம் சமையலைத்தான் மேடம் சோதித்தார். மற்ற நாள் சமையலைப் பெண்கள் சாப்பிட்டார்கள்.

இந்த வைட்டமின் உடம்பில் என்னதான் செய்கிறது என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். சோறு உடம்பில் சர்க்கரையாகிறது, அந்தச் சர்க்கரையை எரித்துத்தான் உடம்புக்குத் தெம்பு கிடைக்கிறது, எரிக்கிற வேலைக்கு ஒரு நொதி இருக்கிறது, அந்த நொதிக்கு இந்த வைட்டமின் துணை இல்லாவிட்டால் வேலை ஓடாது என்றார். நான், "அப்ப சோறு காஸ் மாதிரி, இது லைட்டர் மாதிரி. சரியா?" என்றேன். "சரியில்லண்ணா. லைட்டர் ஒருதரம் பத்தவச்சா போதும். இது எரியற நேரமெல்லாம் கூடவே இருக்கணும்" என்றார். பெரிய பர்னர் பக்கத்தில் எந்நேரமும் ஒரு சின்னச் சுடர் நிற்குமே, பைலட் என்போம். அதைக் காட்டினேன். குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பேசின கூட்டங்களில் எல்லாம் அந்தப் பைலட்டைச் சொல்லித்தான் விளக்கினார் என்று கேள்விப்பட்டேன். அது நான் சொன்னது.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். அதிகச் சூடு, வடித்துக் கொட்டுகிற கஞ்சித் தண்ணீர், அப்புறம் காரம். இந்த மூன்றும் அந்த வைட்டமினைக் கொன்றுவிடும். "காரம் பட்டால் அழியும்" என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பதுபோல் சொன்னார். பழனி மாஸ்டர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அடுத்த நாளிலிருந்து சாம்பாரில் மிளகாய்த் தூளைப் பாதியாகக் குறைத்துவிட்டார். நானும் சரி என்றுவிட்டேன். ஒரு வாரம் தொழிற்சாலையில் ஒரே முணுமுணுப்பு. "ஆஸ்பத்திரிச் சாப்பாடா போடறீங்க?" என்று ஒரு பெண் மாஸ்டரை நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். மாஸ்டர் மேடத்தின் மேல் பழியைப் போட்டார். மேடம் சமையற்கூடத்துக்கு வந்து விசாரித்தார். விஷயம் புரிந்ததும், நான் பார்த்து முதன்முதலாக, வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"மிளகாய்க் காரம் இல்ல மாஸ்டர். நாங்க ஸ்கூல்ல படிச்ச காரம் வேற. சுண்ணாம்பு, சோடா, அந்த மாதிரி."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்க்கவில்லை.

அது வரைக்கும் நான் மறைத்தது தொழில் ரகசியம். அந்த நிமிஷத்திலிருந்து மறைத்ததற்கு வேறு பெயர். ஆனால் அடுத்த நாளும் சோடா போட்டோம். ஊரே போடுகிறது, ஒரு பிடியில் என்ன வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோடா இல்லாமல் பருப்பு மசியாவிட்டால் பேச்சு என்ன ஆகும் என்று நினைத்தேன். உண்மை அதுதான்.

அந்தப் பெண்களில் மஞ்சுளா என்று ஒருத்தி. அரூர்ப் பக்கம். ஈஜிபுராவில் என் கூடத்துக்குப் பின் சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். சட்டைக் காலர் தைக்கிற வேலை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டுக் கழுவுகிற இடத்து ஈரச் சிமெண்டில் இரண்டு பாதத்தையும் பதித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். மணி அடிக்கிற வரைக்கும். நெருப்பு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். கை மரத்துப்போய், காலர் முனை கோணலாக விழுந்து, துணி திரும்பி வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அவளை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

எட்டாவது மாதத்தில் கணக்கு உதைத்தது. அண்டாவிலிருந்து எடுத்த சாப்பாட்டில் போதுமான சத்து இருந்தது. சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் இல்லை. இதிலும் ஒரு விசேஷம். வீட்டிலிருந்து ராகி முத்தே, அதுதான் நம் களி, கொண்டு வந்து சாப்பிடுகிற கன்னடப் பெண்களுக்குக் குறைவு அவ்வளவாக இல்லை. என் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களுக்குத்தான்.

நிலையத்திலிருந்து மேடத்துக்கு மேலதிகாரி ஒருவர் வந்தார். தொழிற்சாலை மேலாளரும் சேர்ந்துகொண்டார். இருவரும் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்கள். பெண்கள் இங்கே சாப்பிடுவதில்லை, டப்பாவில் போட்டு வீட்டுக்குப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகிறார்கள், சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறார்கள். சாப்பாட்டு வேளையில், எல்லோர் முன்னாலும், மேலாளர் மஞ்சுளாவை எழுந்து நிற்கச் சொன்னார். டப்பாவைத் திறக்கச் சொன்னார். காலி டப்பா. அப்படியானால் நேற்று கொண்டுபோனாயா என்றார். நான் பரிமாறுகிற மேஜைக்குப் பின்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"என் புள்ள மேல சத்தியமா சாப்பிட்டேன் சார். ஒரு பருக்கைகூட எடுத்துட்டுப் போனதில்ல."

ஏழு வயதுப் பெண் குழந்தை அவளுக்கு. அரூரில் மாமியாரிடம் விட்டிருந்தாள்.

மேலதிகாரி மேடத்தின் பக்கம் திரும்பினார். இவர்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று எழுதி இந்த மாதக் கடைசிக்குள் வேலையை முடியுங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார். மேடம் எழுந்து நின்றார். குரல் உயரவில்லை.

"அவங்க பொய் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாது சார். தெரியாததை நான் எழுத மாட்டேன்."

"அப்ப சத்து எங்கம்மா போச்சு? காத்துல கரைஞ்சுடுச்சா?"

"அதுவும் தெரியாது."

அந்த 'தெரியாது'வைக் கேட்டு அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் சமையற்கூடத்துக்கு வந்தார். களைத்திருந்தார். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பிறகு மூடிவிட்டு என்னைப் பார்த்து, "அண்ணா, நான் உங்ககிட்ட கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?" என்றார்.

நீ மறைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்கவில்லை. குறை தன் பக்கம் என்கிற மாதிரி கேட்டார். அந்தக் கேள்வியிலேயே என் மானத்துக்கு ஒரு வழி விட்டிருந்தார். நான் அந்த வழியிலும் போகவில்லை.

"ஒண்ணுமில்ல மேடம். எல்லாம் எழுதிட்டீங்களே."

சரிண்ணா என்று போனார்.

மூன்று நாள் தாங்கினேன். மஞ்சுளா சாப்பாட்டு வரிசையில் வரும்போது நான் உள்ளே போய்விடுவேன். நாலாவது நாள் அவள் வரவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களோ என்று நினைத்தேன். இல்லை, விடுப்பு. ஆனால் அது தெரியவருவதற்குள் கழிந்த கால் மணி நேரத்தில் எனக்கு வந்தது பயமா வேறு ஏதாவதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆட்டோ பிடித்து நிலையத்துக்குப் போனேன்.

வரிசையாகக் குளிர்பெட்டிகள் நிற்கிற ஓர் அறையில் கண்ணாடிக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். உட்காருங்க என்றார். நான் உட்காரவில்லை.

"மேடம், மருந்துன்னா பெருங்காயம் இல்ல. சோடா. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் போடறதில்ல. அன்னிக்குத் தண்ணியும் வேற."

கையிலிருந்த குழாய்க்கு மூடி போட்டார். அதைத் தாங்கியில் வைத்தார். கையுறையைக் கழற்றினார். நான் எந்த வார்த்தைக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"எத்தனை ஸ்பூன்ணா?"

"ஸ்பூன் இல்ல மேடம். கைப்பிடி."

பையிலிருந்து தராசை எடுத்து மேஜை மேல் வைத்தார். அலமாரியிலிருந்து அதே மாதிரி ஒரு வெள்ளைப் பொடியைக் கொண்டு வந்தார். எப்போதும் போடுகிற மாதிரி ஒரு பிடி எடுத்து இதில் போடுங்கள் என்றார். போட்டேன். எழுதினார். மறுபடி என்றார். ஐந்து தடவை. ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அவர் அதைக் கவனித்து, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, "குடிச்சிட்டு நிதானமா மறுபடி போடுங்க. அவசரமில்ல" என்றார். எவ்வளவு பருப்புக்கு, பருப்பு கொதிப்பதற்கு முன்னாலா பின்னாலா, கீரைக்கும் உண்டா, எத்தனை வருஷமாக. நான் சொல்லச் சொல்ல எழுதினார். இடப்பக்கம் என் பெயர்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வாசல் வரைக்கும் வந்தவர் ஒன்று மட்டும் சொன்னார்.

"மஞ்சுளாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

சொன்னேன். மறுநாளே, அவள் அறை வாசலில் நின்று சொன்னேன். சோடா, வைட்டமின் எல்லாம் அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கடைசியில், "அன்னிக்கு நான் புள்ள மேல சத்தியம் பண்ணப்ப நீங்க கரண்டியோட அங்கதானண்ணா நின்னீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். நான் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு மேடம் சொல்லாமல் வந்தார். சோடா போட்ட பருப்பு, போடாத பருப்பு, போர்த் தண்ணீர், காவிரித் தண்ணீர், நாலு தண்ணீர் கழுவின அரிசி, இரண்டு தண்ணீர் கழுவின அரிசி, எல்லாவற்றையும் எடுத்துப்போனார். சோடா போட்ட பருப்பில் அந்த வைட்டமினில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. அப்படியானால் எல்லாமே என்னால்தானா என்று கேட்டேன். "சோடா மட்டும்தான் காரணம்னு எனக்குத் தெரியாதுண்ணா. தீட்டின அரிசி இருக்கு, அவங்க ராத்திரிக்கு வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிடறது இருக்கு. உங்களோடது ஒரு பங்கு" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது இல்லை. தேற்றுகிற ஆள் இல்லை அவர். அதனால்தான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தூங்க முடிந்தது.

மஞ்சுளாவுக்கும் மற்றவர்களுக்கும் மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். எரிச்சல் சீக்கிரமே குறைந்தது. கை மரத்தது சரியாகப் பல மாதங்கள் பிடித்தன. அதுவரைக்கும் அவளைக் காலர் வேலையிலிருந்து துணி மடிக்கிற வேலைக்கு மாற்ற வேண்டும் என்று மேடம் மேலாளரிடம் நாலு நாள் நடந்தார். நான் சோடாவை நிறுத்தினேன். பருப்பை முந்தின நாளே ஊற வைத்து, காவிரித் தண்ணீருக்கு ஒரு தொட்டி கட்டி, ஊறின தண்ணீரிலேயே பிரஷரில் வேக வைக்கிற முறையை நானே கண்டுபிடித்தேன். இன்றைக்கும் என் பருப்பு மசிகிறது.

எட்டு மாதச் சோதனை வீணானதில் மேடத்துக்கு என்ன ஆயிற்று என்று நிலையத்து ஆள் ஒருவர் மூலமாகத்தான் தெரிந்தது. முதலிலிருந்து பண்ண வேண்டியதாயிற்று. அடுத்து அவருக்குக் கிடைக்க வேண்டிய பெரிய பொறுப்பு வேறு ஒருவருக்குப் போயிற்று. அவர் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை.

ஆராய்ச்சி முடிந்து அறிக்கை வந்தது. ஆங்கிலம். என் மகளைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். எங்கள் பெயர் இல்லை, 'ஒரு சமையற்கூடம்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. 'முதல் எட்டு மாதங்களில் சமையல் முறையை ஆய்வாளர் முழுமையாகக் கேட்டறியவில்லை.' மகளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அதேதான்.

அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். நான் மறைத்தேன் என்று எழுதுங்கள், என் பெயரைப் போடுங்கள் என்றேன். சமையற்கூடத்தின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று ஆரம்பத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றார். நானே சொல்லச் சொல்கிறேனே என்றேன்.

"உங்ககிட்ட நூறு பேர் வேலை செய்யறாங்கண்ணா. அவங்ககிட்ட நான் கேக்கலையே."

"சரி, பேர் வேணாம். கேட்டறியவில்லைன்னு ஏன் எழுதினீங்க? நீங்க கேட்டீங்களே?"

"தேதியை முன்னாடியே சொன்னது நான்தானே. அது கேக்கற முறை இல்ல" என்று சொல்லி, வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மேடம் போன வருஷம் இறந்துபோனார். ஆஸ்டின் டவுன் மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். போயிருந்தேன். மஞ்சுளாவும் வந்திருந்தாள்; கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய மாணவர்கள் அவர் எழுதியதை எல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். அந்த அறிக்கையும் அப்படியே வருமாம், அந்த வரியோடு.

அந்த மாணவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் சமையற்கூடத்தை இப்போது என் மகள் நடத்துகிறாள். அவளிடம் கேட்டுவிட்டேன். அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும், பழனி மாஸ்டரிடமும் கேட்டுவிட்டேன். எழுதுங்கள் என்றார்கள். கையெழுத்து வேண்டுமானால் எல்லோரும் போட்டுத் தருகிறோம்.

தனக்குத் தெரியாததை ஒரு வார்த்தைகூட எழுதாதவர் அவர். அவர் கேட்டார். முதல் நாள் கேட்டார், அண்டா ஓரத்தில் கேட்டார், டீயைத் தொடாமல் உட்கார்ந்து மூன்றாவது தடவையும் கேட்டார். நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது? இடப்பக்கம் பாருங்கள். கேட்டறியவில்லை என்ற வரியை எடுங்கள். கேட்டார், சமையற்காரன் மறைத்தான், பிறகு அவனே வந்து சொன்னான் என்று போடுங்கள். பைலட் சுடரைச் சொன்னதும் அவன்தான் என்று போடுங்கள். 'ஒரு சமையற்கூடம்' என்று போடாதீர்கள். கந்திலி முனுசாமி மகன் சின்னராஜ், ஈஜிபுரா. எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கள்.